பூட்டிய லேப்டாப்பில் அம்மா

கல்லறைக்குக் கல் செய்கிறவர் அம்மாவின் ஆதார் அட்டையை வாங்கி வெயிலில் நீட்டிப் பார்த்தார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "டீச்சர், இது வேணாங்க," என்றார்.

"ஏன், இதுக்கு என்ன?"

"போலீஸ் தேடுற ஆளு மாதிரி இருக்காங்க."

வேறு சமயமாக இருந்தால் அந்த மனிதரை அங்கேயே நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பள்ளிக்கூடத்தில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அன்றைக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது உண்மையும்கூட. ஆதார் முகாமில் படம் எடுத்தவன் "சிரிக்காதீங்க பாட்டி" என்று சொல்லப்போக, பாட்டி என்ற வார்த்தைக்காக அம்மா அவனை முறைத்தாள். அந்த முறைப்புதான் அட்டையில் ஏறிவிட்டது.

பெரம்பலூரிலிருந்து சிறுவாச்சூர் போகிற வழியில், ஹைவே ஓரத்தில் இருந்தது அந்தப் பட்டறை. லாரிகள் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். கறுப்புக் கல்லில் பெயரும் தேதியும் வெட்டி, மேலே பீங்கான் தகட்டில் முகத்தைச் சுட்டுப் பதித்துத் தருவார்கள். வெயிலுக்கும் மழைக்கும் வெளிறாது. அதனால்தான் அவர் படத்தைப் பற்றி அவ்வளவு பேசினார்.

"மொகம் பெருசா, தெளிவா இருக்கணும். ஒரு தடவ பதிச்சா பதிச்சதுதாங்க. அப்புறம் வந்து அம்மா சாடை இல்லன்னு சொன்னீங்கன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அம்மாவின் வருஷப் பூசை நெருங்கிக்கொண்டிருந்தது. பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கல்லறைக்கு வந்து கல்லை ஜெபம் சொல்லி மந்திரிப்பதாக ஏற்பாடு. அதற்குள் ஒரு நல்ல படம் வேண்டும். இல்லையென்றால் ஊரில் யார் கல்லறைக்கு வந்தாலும் அம்மா அவர்களை முறைத்துக்கொண்டே இருப்பாள். உலகம் முடிகிறவரைக்கும்.

ஒரு மனுஷிக்கு நல்லதாக ஒரு படம்கூடவா இருக்காது என்று நினைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தேடிப் பார்த்தேன். கல்யாணப் படத்தில் கண்ணை மூடியிருக்கிறாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷப் படங்களில் நாலாவது வரிசையில் யார் தோளுக்கோ பின்னால் பாதி நெற்றி தெரிகிறது. கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் எடுத்தவற்றில் மூக்கில் குழாய். என் பழைய போனில் இருந்தவை அந்தப் போன் தண்ணீர் டிரம்மில் விழுந்தபோது போயின. அம்மா நன்றாக இருந்த காலத்தில், நல்ல புடவை கட்டி, நல்ல கேமராவில் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. என் தம்பியின் குருப்பட்ட ஆல்பத்தில். அதை அப்பா எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று இன்றுவரைக்கும் தெரியாது.

தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் வரதராஜன்பேட்டை பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து பையன் குருமடத்துக்குப் போய்ப் படித்துச் சாமியாராகிவிட்டால் அந்த வீட்டின் நடையே மாறிவிடும். பெற்ற தாயும் தகப்பனும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'சாமி' என்பார்கள். வாங்க, போங்க, சாப்பிடுங்க. அவன் உள்ளே வந்தால் அப்பா எழுந்து நிற்பார். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிய நானும் 'நீங்க' என்றுதான் பேசினேன். முதல் வாரம் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிப்போனது. அவனும் மற்றவர்களிடம் பேசுவது போலவே எங்களிடமும் மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் சாமியார் பட்டத்தை விட்டுவிட்டான். கல்யாணம் செய்துகொண்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். அப்பா எங்கள் ஊர்ப் பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். கோயிலில் எப்போதும் முதல் பெஞ்சு. செய்தி வந்த வாரத்திலிருந்து கடைசிப் பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தார். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த குருப்பட்டப் படங்களை ஒரு மத்தியானத்தில் இறக்கினார். ஆல்பத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். "இந்த வூட்ல இனிமே அந்தப் பேச்சு வேணாம்," என்று மட்டும் சொன்னார்.

பேச்சு நின்றது. பேச நினைத்தாலும் என்ன சொல்லிப் பேசுவது? சாமி என்று சொல்ல முடியாது. பழைய பேர் யார் வாயிலும் வரவில்லை. அம்மாவுக்கு மட்டும் அந்தக் குழப்பம் இல்லை. படுக்கையில் கிடந்த மாதங்களில் கதவு திறக்கிற சத்தம் கேட்டால், "சாமி வந்துச்சா?" என்பாள். "எந்தச் சாமி?" என்று அப்பா கேட்பார். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அடுத்த நாள் கதவு திறந்ததும் மறுபடி அதையே கேட்பாள்.

அம்மா செத்தபோது அவனுக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "அவன் வந்தான்னா நான் சவப்பொட்டியத் தொட மாட்டேன்," என்றார். யாரும் சொல்லவில்லை. நான் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்து ஏமாந்துபோனார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு சித்தி என்னைப் பிடித்து உலுக்கி "அழுதுடுடி" என்றாள். எனக்கு அவள் வளையல் முழங்கையில் குத்தியதுதான் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாளிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பெடுத்தேன். அன்றிலிருந்து அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு நல்ல படம் இன்னும் எங்கே இருக்கிறது என்பது பட்டறையிலிருந்து திரும்புகிற பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது.

தம்பி சாமியாராக இருந்த கடைசி வருஷம், முந்திரிக் காலத்தில் விடுப்பில் வந்திருந்தான். தோப்பில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவைத் தூரத்திலிருந்து கூப்பிட்டு, அவள் திரும்பியதும் படம் எடுத்துவிட்டான். தலையில் துண்டு, மடியில் பழம், வாய் நிறையச் சிரிப்பு. முன்பல் ஒன்று கிடையாது. லேப்டாப்பில் ஏற்றிப் பெரிதாக்கிக் காட்டினான். "பல்லு போன இந்த மூஞ்சிய எதுக்குச் சாமி புடிச்சீங்க? அழிச்சுடுங்க," என்றாள் அம்மா. அவன் அழிக்கவில்லை. போகும்போது அந்த லேப்டாப்பை எனக்கே கொடுத்துவிட்டான். பழையதுதான், பள்ளிக்கூட வேலைக்குப் போதும் என்றான். அதைத் தொடக்கத்திலேயே பூட்டியிருப்பதாகவும் ஒரு பாஸ்வேர்டு போட்டால்தான் உயிர் வரும் என்றும் சொல்லி, அதைச் சொல்லியும் கொடுத்தான். புதிதில் இரண்டொரு தடவை போட்டிருப்பேன். அதற்குப் பிறகு நான் அதை நிறுத்தியதே இல்லை. வேலை முடிந்தால் மூடி வைப்பேன், மறுநாள் திறப்பேன். அப்போது கேட்பது வேறொரு சின்ன எண், அது என்னுடையது. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு லேப்டாப்பை யார் நினைத்தார்கள்? பீரோவுக்குள் சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்தது.

வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டு ஆன் செய்தேன். கறுப்புத் திரை. நடுவில் சின்னதாக ஒரு பூட்டுப் படம், கீழே ஒரு கட்டம். அவ்வளவுதான்.

என்னவோ சொன்னானே. சுலபமானது, மறக்கவே மாட்டீங்க என்று சொன்னானே. அது ஒன்றுதான் மறக்காமல் இருந்தது.

ஏதாவது ஒரு தேதியைப் போட்டிருப்பான் என்று தோன்றியது. சாமியார் வேறென்ன போடுவான்? அவன் குருப்பட்டம் வாங்கிய நாளைப் போட்டேன். இல்லை. முதல் பூசை வைத்த நாள். இல்லை. சில தடவை தப்பாகப் போட்டால் இயந்திரம் கோபித்துக்கொண்டு நின்றுவிடும், அணைத்து மறுபடி போட வேண்டும். அவனுக்குப் பேராக வைத்த புனிதரின் திருநாள், ஏலாக்குறிச்சித் திருவிழா நாள், அடைக்கல மாதாவின் பேர் இங்கிலீஷில், அதே பேரோடு வருஷம் சேர்த்து, வருஷம் இல்லாமல். யார் கண்டது என்று அம்மா பேரையும் போட்டேன், என் பேரையும் போட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில். அப்பா கட்டிலில் உட்கார்ந்து நான் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது யாருடைய லேப்டாப் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் அரியலூருக்குக் கொண்டுபோனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடிக் கடை. வழியெல்லாம் சிமெண்டு லாரி, பையைத் திறந்தால் லேப்டாப் மேல் புழுதி. கடைக்காரர் துடைத்துவிட்டு ஆன் செய்து பார்த்தார்.

"இது உள்ள போறப்ப கேக்கற பாஸ்வேர்டு இல்ல டீச்சர். மிஷினோட சொந்தப் பூட்டு. இருங்க, உள்ள பொடி பேட்டரி ஒண்ணு இருக்கும், அதக் கழட்டி வச்சா எல்லாம் மறந்துடும். டீ சாப்புட்டு வாங்க."

டீ சாப்பிட்டேன். இன்னொரு டீயும் சாப்பிட்டேன். போய்ப் பார்த்தால் லேப்டாப் தேதியை மட்டும் மறந்திருந்தது. பூட்டை மறக்கவில்லை.

"ஆபீஸ் மாடலுங்க இது. இதெல்லாம் மறக்காது," என்றார் கொஞ்சம் பெருமையாகவே.

"மறக்கறதுக்கு நான் ஒருத்தி இருக்கேனே, போதும்," என்றேன்.

சிரித்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "பூட்டு போட்டது யாருங்க? அவங்களயே கேட்டா முடிஞ்சு போச்சே."

"அவரு இங்க இல்ல."

"அடடா. தவறிட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல. ஓசூர்ல இருக்காரு."

"போன் இல்லியா?"

"இருக்கு."

அவர் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக முடுக்கி, பையில் போட்டு, பெரம்பலூரில் ஒரு பெரிய கடைக்கு வழி சொன்னார். ஒரு போன் போட்டால் முடிகிற காரியத்துக்குப் பஸ் ஏறி அலைகிற பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

போன் போட முடியாததற்குக் காரணம் அப்பா மட்டும் இல்லை. அவனும் நானும் பேசிக்கொள்ளாவிட்டாலும், அம்மா படுத்திருந்தபோது அவன் மெசேஜ் அனுப்புவான். 'அம்மா எப்படி?' நானும் பதில் போடுவேன். 'பரவாயில்லை.' 'கஞ்சி குடித்தாள்.' 'தூங்குகிறாள்.' அம்மா போன பிறகு அவனிடமிருந்து மெசேஜ் வரவில்லை. யாரோ சொல்லிவிட்டார்கள் என்று அதிலிருந்தே தெரிந்துகொண்டேன். நானும் எதுவும் அனுப்பவில்லை. இப்போது வருஷம் திரும்பப்போகிற சமயத்தில் கூப்பிட்டு, பாஸ்வேர்டு என்ன என்றா கேட்பது? என் முகத்தை எங்கே கொண்டு வைப்பேன்?

பெரம்பலூர்க் கடைக்காரர் லப்பைக்குடிகாட்டுக்காரர். சவுதியில் பல வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். லேப்டாப்பைப் பார்த்ததும், "இன்ஷா அல்லாஹ் பாத்துரலாம்க்கா," என்று உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். பூட்டை விட்டுவிடுவோம், உள்ளே இருக்கிற டிஸ்க்கை மட்டும் கழற்றி என் மிஷினில் மாட்டினால் படம் வந்துவிடும் என்றார். கழற்றினார், மாட்டினார். அந்த ஒரு நிமிஷம் அம்மா வந்துவிடுவாள் என்றே நம்பினேன்.

திரையில் வேறொரு கட்டம் வந்தது. நீளமான ஓர் எண்ணைக் கேட்டது.

அவர் உச்சுக் கொட்டிக்கொண்டே டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பிலேயே திரும்ப மாட்டினார். "வாசல்ல ஒரு பூட்டு, உள்ள பீரோக்கு ஒரு பூட்டு. டிஸ்க்கும் பூட்டிக் கெடக்குக்கா. இந்த நம்பரு இத மொதல்ல செட் பண்ணுன ஆளோட ஈமெயில்ல இருக்கும்."

"வேற வழி?"

"ஒண்ணு இருக்கு. பூட்டு எழுதியிருக்கற சிப்ப எடுத்து அழிச்சுரலாம். மிஷினு புதுசு மாதிரி எந்திரிச்சிடும். ஆனா பீரோ சாவியும் அதோட போயிடும். உள்ள இருக்கறது உள்ளயே மண்ணாப் போயிடும், சொல்லிட்டேன்."

"எனக்கு மிஷின் வேணாம். உள்ள ஒரு படம் இருக்கு, அது மட்டும்தான் வேணும்."

"அப்ப அந்த ஆளுக்கு ஒரு போனப் போடுங்க. இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. நம்பரச் சொல்லுங்க, வேணா நானே பேசுறேன்."

அவர் தன் போனைக் கையில் எடுத்துவிட்டார். நான் லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு, "வேணாங்க, வேணாங்க, வரேன்," என்று வெளியே வந்துவிட்டேன். செய்த வேலைக்குக் காசு கொடுத்தேனா என்பதுகூட பஸ் ஸ்டாண்டு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் அந்த ஆளைப் பற்றி மறுபடி கேட்கவில்லை, அது நல்லதாகப் போயிற்று.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. லேப்டாப் மடியில் இருந்தது. அதற்குள் அம்மா இருக்கிறாள், மடி நிறையப் பழத்தோடு, என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்தால் ஏதாவது வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கை கால் மரத்துப்போனால் தட்டிப் பார்ப்போமே, அது போலத்தான் என்னை நானே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயங்கொண்டம் வரைக்கும் அப்படியே வந்தேன்.

வீட்டில் அப்பாவுக்கு ரசம் ஊற்றும்போது, "படம் கெடைச்சுதா?" என்றார்.

"இல்ல. அழிச்சாத்தான் தொறக்குமாம்."

"அப்ப ஆதார்ல இருக்கறதையே போடச் சொல்லு."

"அது அம்மா மாதிரியே இல்லப்பா."

"அவ எப்புடி இருப்பான்னு எனக்குத் தெரியும். ஊருக்கு எதுக்குத் தெரியணும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பல மாதத்துக்குப் பிறகு வந்த கோபம், வந்ததே எனக்கு ஆச்சரியம். "உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு அப்புறம்? எனக்கு அப்புறம்? அங்க வந்து நிக்கறவன் அவள ஏதோ கேஸ்ல மாட்டுனவன்னு நெனைக்கணுமா? உங்க வறட்டுப் பிடிவாதத்துக்கு அவ மொகத்தையுமா பலி குடுக்கணும்? நீங்க போறப்ப உங்களுக்கு ரேஷன் கார்டு படத்தத்தான் போடப்போறேன், பாருங்க."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரசம் எல்லாம் சோறு குடித்துவிட்டது, அவர் பிசைவதை நிறுத்தவில்லை. யாரைக் கேட்டால் அந்தப் பூட்டு திறக்கும் என்று அவருக்கும் தெரியும். கேள் என்று சொல்லவில்லை. கேட்காதே என்றும் அன்றைக்குச் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரைநாள். பிள்ளைகள் போன பிறகு ஆறாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். லேப்டாப்பை மேஜையில் வைத்து ஆன் செய்து, அந்தக் கட்டம் வந்ததும் போனை எடுத்தேன். அவன் நம்பரை 'கேஸ் ஏஜென்சி' என்று சேமித்து வைத்திருந்தேன். மணி பார்க்க அப்பா அடிக்கடி என் போனை எடுப்பார், அதற்காக. கேஸ் ஏஜென்சிக்குப் போட்டேன். பாதி மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அக்கா," என்றான்.

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்று. வாயில் வந்தது ஒன்று. "லேப்டாப் தொறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு மறந்துபோச்சு."

"அது என் பொறந்த நாளுக்கா. குடுக்கறப்பவே சொன்னேனே. அதான் மறக்க மாட்டீங்கன்னு."

என் கை கீபோர்டு மேலேயே இருந்தது. அவன் பிறந்த அன்றைக்கு மழை கொட்டியது எனக்குத் தெரியும். மருத்துவச்சி நனைந்துகொண்டு வந்தாள். எனக்கு யாரும் சோறு போடவில்லை என்று அழுதேன். எல்லாம் தெரியும், தேதி தெரியாது. அவன் குருமடத்துக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் அவன் பிறந்த நாளை யாரும் கொண்டாடியதில்லை. புனிதர் திருநாள் கொண்டாடினோம், பிறகு குருப்பட்ட நாள் கொண்டாடினோம். அந்த நாட்களைத்தான் நான் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தேன். அவன் பிறந்த நாள் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை.

"சொல்லு," என்றேன்.

"என்ன சொல்ல?"

"தேதியச் சொல்லு."

சொன்னான். தேதி, மாசம், வருஷம். பிள்ளைகளுக்கு நான் டிக்டேஷன் சொல்வது போல ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னான். அவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. குரலில் ஒன்றும் காட்டவில்லை. நான் அடித்தேன். பூட்டுப் படம் போய்த் திரை வெளுத்தது. பிறகு என் சின்ன எண்ணைக் கேட்டது, போட்டேன், உள்ளே போய்விட்டேன்.

"தொறந்துச்சா?"

"தொறந்துருச்சு."

"அவசரமாக்கா? ஸ்கூல் வேலையா?"

"அம்மா படம் வேணும். கல்லுல பதிக்கறதுக்கு. முந்திரித் தோப்புல எடுத்தது."

"அதுவா. பல்லு தெரியுமே."

"தெரியட்டும்."

படம் கிடைத்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை, அவன் வைத்த இடத்திலேயே இருந்தது. திரை முழுக்க வைத்தேன். அம்மா யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிச் சிரிக்கிறாள். கூப்பிட்டவனைப் பார்த்துத்தான் அந்தச் சிரிப்பு. கல் செய்கிறவர் கேட்டது போலவே முகம் பெரிதாக, தெளிவாக இருந்தது. இனிமேல் போனை வைத்துவிடலாம். அவனும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

"கல்லு இன்னும் வைக்கலையா?" என்றான்.

"இல்ல. வருஷப் பூசையன்னைக்குத்தான்."

"நான் வந்தேன்க்கா."

"எங்க?"

"கல்லறைக்கு. அடக்கம் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். மத்தியான நேரம், யாருமில்ல. அதுக்கு முன்னாடி நல்ல மழை போலருக்கு. மரச் சிலுவைல எழுதுன பேரெல்லாம் கரைஞ்சு கெடந்துச்சு. புதுசா மூணு மண்மேடு." அவன் மெதுவாகத்தான் சொன்னான். "ஒண்ணு சின்னது. அது அம்மா இல்லன்னு தெரிஞ்சுது. மத்த ரெண்டுல எதுன்னு தெரியலக்கா. யாரப் போய்க் கேக்கறது? ரெண்டுக்கும் நடுவுல முட்டி போட்டுட்டுப் பஸ் ஏறிட்டேன்."

எனக்கு வலித்தது. ஒரு வருஷமாக எங்கே போயிருந்ததோ தெரியவில்லை, அந்த வலி நெஞ்சுக்கு நடுவில் வந்து நின்றது. திரையில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவனுக்குக் கேட்டிருக்கும். வாயைப் பொத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

நான் அழுது முடிக்கிற வரைக்கும் அவன் லைனிலேயே இருந்தான். பிறகு கேட்டான். "அதுல எதுக்கா அம்மாவுது?"

"சுவத்துப் பக்கம் இருக்கறது."

"சரிக்கா."

"சரின்னுட்டு வச்சிடாத. பூசையன்னைக்குக் காலைல வா."

"அப்பா இருப்பாரே."

"இருப்பாரு," என்றேன். "நீ வா."